பெல்ட்டைப் பிரித்துவிடு

சோமனூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள கெசியா கண்ணுக்கு,

ஊரே உறங்கிய பிறகு எழுதுகிறேன், கோவித்துக்கொள்ளாதே. கர்த்தர் தயவில் இங்கே எல்லோரும் சுகம், அங்கே கவுகாத்திக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். ராத்திரியும் நீ வேலை செய்கிற லேபுக்குள் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்றாயே, அதனால்தான் மெயில். வெள்ளிக்கிழமை நீயே செய்த அந்தக் கம்ப்யூட்டரை இடுப்பில் மாட்டி எல்லோர் முன்னாலும் நடந்து காட்டுவதற்குள் இதைப் படித்துவிடு.

லீவில் செய்து இங்கேயே விட்டுப்போனாயே பழையது, அதை இன்று சாயங்காலம் மாட்டிப் பார்த்தேன், உனக்குத் தைத்து அனுப்பிய மாதிரியே அதற்கும் ஒரு பெல்ட் தைத்து வைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டதும், அதோடு ஒயரில் சேர்ந்த மூக்குக்கண்ணாடி ஓரத்தில் பச்சை எழுத்து வந்து நின்றது பார். கொடியில் காய்கிற துணிக்கு மேலே 'வணக்கமுங்க அம்மா' என்று மிதக்கிறது, நான் திரும்பினால் அதுவும் கூடவே திரும்புகிறது. மேஜை இல்லை, பிளக் இல்லை, சோப்புக்கட்டி அளவு பேட்டரியில் ஒரு கம்ப்யூட்டர் என்னோடு நடக்கிறது. என் வயிற்றில் கிடந்தவள் செய்தது என் இடுப்பில் ஓடுகிறதே என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு மாசாணியம்மாக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, இடுப்புல ஒயரு, கண்ணுல லைட்டு, கரண்ட் பில்லு ஆருக்குங்க வரும்" என்று ஒரே கேலி.

அப்படியே சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்ச நேரத்தில் இடுப்பு காந்தியது, எழுத்து அணைந்துபோனது. பெல்ட்டைப் பிரித்தால் போர்டும் பேட்டரியும் டீ ஊற்றிய டம்ளர் மாதிரி சுடுகிறது. உனக்குக் குத்தக்கூடாது, குளிருக்கும் இதமாக இருக்கட்டும் என்று கைக்குழந்தை மெத்தைக்குப் போடுவதுபோல பனியன் துணியை மூன்று மடிப்பாக உள்ளே வைத்து ஓட்டையே இல்லாமல் தைத்தது நான்தானே. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தும், சூடு வெளியே போக வழி வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, உன் இடுப்பு மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. காந்திபுரத்தில் உனக்குப் பேட்டரி கொடுத்த கடைக்காரருக்குப் போன் போட்டேன். "காத்துப் போகாம கட்டி வெச்சா உப்பிப் போடுமுங்க, அப்புறம் பத்தினாலும் பத்திக்கும்" என்றார். நைட் ஷிப்ட் போயிருக்கும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மா தைத்தது என்று பார்க்காதே, கத்தரிக்கோலை எடுத்து வெளிப்பக்கத் துணி முழுவதையும் வெட்டிவிடு, உடம்புப் பக்கம் ஒரு மடிப்பு போதும். பேட்டரி துளி உப்பியிருந்தாலும் மாட்டாதே, வேறு வாங்கிக்கொள். உன் கையின் வேலையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பார், நீ நடந்து காட்டுவதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

பெல்ட்டைப் பிரித்துவிட்டாயா என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
எஸ்தர்