இடது தோள்

பட்டாபிராம்
20-2-1992

மதிப்பிற்குரிய டிரம்ஸ் குணசேகரன் அவர்களுக்கு,

லோகநாயகி வணக்கம் சொல்லி எழுதுவது. என்னை உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் நாகப்பனைத் தெரிந்திருக்கும். ரிசப்ஷன்களில் மேடைக்கு எதிரே பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வீடியோ எடுப்பாரே, அவர்தான். உங்கள் ஆர்க்கெஸ்ட்ரா கஜபதி அண்ணனிடம் விலாசம் வாங்கிக் கொடுத்ததும் அவரே. நான் இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறார். அதனால் எதுவும் தப்பாக நினைக்க வேண்டாம்.

அவர் எடுத்து வரும் கேசட்டுகளை வீட்டில் காப்பி போடுவது என் வேலை. இரண்டு வீடியோ டெக்கு, ஒரு டிவி. பெண் வீட்டுக்கு ஒரு காப்பி, பிள்ளை வீட்டுக்கு ஒரு காப்பி. நாலு வருஷமாக ஊர்பேர் தெரியாதவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுவதையும், போட்டோவுக்கு வரிசையில் நிற்பதையும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அலுக்காதது நீங்கள் வாசிப்பது ஒன்றுதான். போன வருஷம் ஒரு நாள் என் கை தானாக டிவி ஸ்டாண்டில் தட்டியது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இப்போது ஆசாரியிடம் கடைந்து வாங்கிய இரண்டு குச்சி, ஒரு பழைய சூட்கேஸ், இரண்டு பிஸ்கட் டின், சிம்பலுக்கு எவர்சில்வர் தாம்பாளம் எல்லாம் வைத்திருக்கிறேன். உங்களைப் பார்த்து, நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பப் பார்த்து வாசிக்கிறேன்.

ஆனால் நீங்கள் வேகமாக உருட்ட ஆரம்பிக்கும்போதுதான் இவர் கேமராவை மாப்பிள்ளையின் சித்தப்பா மேல் திருப்புவார். சத்தம் வரும், கை தெரியாது. சண்டை போட்டேன். "பொண்ண உட்டுட்டு டிரம்ஸ்காரனையே புடிச்சிகினு இருந்தா பொண்ணோட நைனா என்னைக் கட்டி வெச்சி அடிப்பாரு" என்கிறார். சித்தப்பாவை மட்டும் காட்டலாமாம்!

ஆவடி குவார்ட்டர்ஸ் கல்யாணத்தில் பாட்டு முடியும் இடத்தில் இடது தோளைத் தூக்கி ஒரு அடி அடித்தீர்கள். அதை எப்படிச் செய்கிறீர்கள்? எனக்கு நாற்பது வயது. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நா. லோகநாயகி


நசரத்பேட்டை
9-3-1992

லோகநாயகி அக்காவுக்கு,

எனக்கு முப்பத்தாறு வயது. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. எழுத நேரமில்லை, தெம்பும் இல்லை. மாசியில் ஒரு முகூர்த்தமும் விடாமல் கச்சேரி. வேனில் சாமான் ஏற்றி, இறக்கி, கட்டி, வாசித்து, அவிழ்த்து, மறுபடி ஏற்றிப் போவதற்குள் பந்தியில் ரசம்தான் மிஞ்சும். பதினாலு வருஷமாக இதே பிழைப்பு.

சிரிக்கவில்லை அக்கா. இத்தனை வருஷத்தில் இந்தப் பாட்டு வாசி, அந்தப் பாட்டு வாசி என்று சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். கையை எப்படி வைக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. கடிதத்தை இரண்டு தரம் படித்தேன்.

தோளைத் தூக்கியது எனக்கு ஞாபகம் இல்லை. நான் என்னைப் பார்த்ததே கிடையாது, வீட்டில் டெக்கும் இல்லை. உருட்டுவது பற்றிக் கேட்டீர்கள். மெதுவாக ஆரம்பியுங்கள். இரண்டு கையும் ஒரே சத்தம் கொடுக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அது வந்த பிறகு வேகம். வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. பக்கத்தில் யாரிடமாவது முறையாகப் போங்கள்.

அண்ணனை நான் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
குணசேகரன்


பட்டாபிராம்
18-5-1992

அன்புத் தம்பி குணாவுக்கு,

அக்கா எழுதுவது. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன் என்று கோபம் வேண்டாம். சின்னவளுக்கு அம்மை போட்டிருந்தது. பெரியவள் என் தாளம் தாங்காமல் பரீட்சைக்கு எதிர்வீட்டில் போய்ப் படித்தாள். முறையாகப் போங்கள் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். இந்தப் பக்கத்தில் நாற்பது வயதுப் பொம்பளைக்கு டிரம்ஸ் சொல்லித்தர யார் கடை திறந்து வைத்திருக்கிறார்கள்? எனக்கு வாய்த்தது நீங்களும் ரீவைண்ட் பட்டனும்தான்.

நல்ல சேதி, அந்தத் தோள் எனக்கு வந்துவிட்டது! தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிடித்தேன். கழுத்து விண்விண் என்று தெறிக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு வாசிக்கிறேன்.

ஒரு சந்தேகம். எண்பத்தொன்பதாம் வருஷக் கேசட்டுகளை எடுத்துப் போட்டேன். அதில் இந்தத் தோளே இல்லை. இடது கை பாட்டுக்குச் சும்மா விளையாடுகிறது. தொண்ணூற்றொன்றில் ஆரம்பிக்கிறது. இந்த வருஷத்துக் கேசட்டில் இடது கை வாசிக்க வேண்டியதை வலது கை தாண்டி வந்து வாசிக்கிறது. புது ஸ்டைலா? சேக்காட்டுக் கல்யாணத்தில் ஒரே பாட்டில் மூன்று தரம் குச்சி விழுந்தது. மூன்று தரமும் சிரித்துக்கொண்டே வேறு குச்சி எடுத்தீர்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். அது வித்தைக்காகச் செய்ததா? அதையும் பழகட்டுமா?

பிள்ளைகள் நலமா? உங்கள் வீட்டில் அவர்களுக்கு என் அன்பைச் சொல்லவும்.

உங்கள் அக்கா,
லோகநாயகி


நசரத்பேட்டை
25-5-1992

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். கோபத்தில் இல்லை. என் வீட்டுக்காரி புஷ்பா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான். அவளுக்கு இன்னும் தெரியாது.

அது ஸ்டைல் இல்லை அக்கா. என் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. குச்சி கையில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. விரலில் பலம் இல்லாததால் தோளிலிருந்து மொத்தக் கையையும் தூக்கிப் போடுகிறேன். தூக்குவது கண்ணுக்குத் தெரியும் என்று நீங்கள் எழுதும் வரை நினைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்து நரம்பு என்றார்கள். ஒரு வருஷம் வாசிக்காதே, கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொள், அதற்கும் சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். ஒரு வருஷம் வாசிக்காவிட்டால் என் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்துவிடுவான். நாகேந்திரன் என்று ஒருவன் கரண்டில் வாசிக்கிற ரிதம் பேடோடு ரெடியாக இருக்கிறான். பிறகு எனக்கு என்ன தெரியும்? வேறு தொழில் எதுவும் தெரியாது.

நீங்கள் உடனே அந்தத் தோளை நிறுத்துங்கள். என் நோவை உட்கார்ந்து பழகியிருக்கிறீர்கள். 

இன்னொன்றும் கேட்க வேண்டும், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மலேசியாவில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் பதினெட்டு நாள் கச்சேரிக்கு ஆர்க்கெஸ்ட்ரா தேடுகிறார்கள். வாசிப்பதைப் பார்க்க வீடியோ வேண்டுமாம். சேக்காட்டுக் கேசட்டிலிருந்து நாலு பாட்டு எடுத்துத் தரும்படி கஜபதி அண்ணன் உங்கள் வீட்டில் சொல்லப்போகிறார். அதை நீங்கள்தானே போடுவீர்கள்? என் கை வரும் இடத்தில் வேறு ஏதாவது போட முடியுமா? சித்தப்பாவைப் போட்டாலும் சரி.

குணா


பட்டாபிராம்
26-7-1992

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் கேட்டபடி செய்துவிட்டேன். நாலு பாட்டிலும் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், கீபோர்டு இருக்கிறது, மாலை, விளக்கு, பந்தி எல்லாம் இருக்கிறது. உங்கள் முகம் இரண்டு இடத்தில் சிரிக்கிறது. கை மட்டும் எங்கேயும் இல்லை. ஒட்டு தெரியாமல் போட மூன்று நாள் ஆனது. கேசட்டும் போன வாரம் போய்விட்டது.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை. எந்தக் கேமரா திரும்பியதற்காக வீட்டுக்காரரோடு சண்டை போட்டேனோ, அதே வேலையை நானே செய்தேன். அவருக்கும் சொல்லவில்லை. பதினேழு வருஷத்தில் அவரிடம் மறைத்த முதல் விஷயம் இதுதான். நன்றாக எடுக்கப்படாததை வெட்டியிருக்கிறேன். நன்றாக எடுத்ததை வெட்டியது இல்லை. உங்களுக்காகச் செய்தேன். இன்னொரு தரம் கேட்காதீர்கள்.

ஆடி மாதம் எங்களுக்கு வேலை இல்லை. உங்களுக்குத்தான் கூழ் ஊற்றுகிற கோயில் பூராவும் கச்சேரி இருக்கும். அந்தக் கையோடு எப்படி வாசிக்கிறீர்களோ, நினைத்தாலே எனக்குச் சோர்வாக இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தனியாக எத்தனை நாள் சுமப்பீர்கள்?

சும்மா இருந்த நேரத்தில் இவர் என்னை வீடியோ எடுத்தார். இந்தத் தரம் கேமரா வேறு எங்கும் திரும்பவில்லை, திரும்பினால் சோறு கிடையாது என்று சொல்லியிருந்தேன். அந்தக் கேசட்டைத்தான் இதோடு அனுப்பியிருக்கிறேன். எங்காவது போட்டுப் பார்த்து, தப்பு எங்கே என்று எழுதுங்கள். தோளை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தித்தான் வாசித்தேன்.

அன்புடன்,
அக்கா


நசரத்பேட்டை
16-8-1992

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவின் டெக்கில் போட்டுப் பார்த்தோம். புஷ்பாவும் கூட உட்கார்ந்தாள். தாளம் நிற்கிறது அக்கா. வலது கை நன்றாக இருக்கிறது. ஆனால் தோளை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்களே, நிற்கவில்லை. உங்களுக்கே தெரியாமல் எழும்புகிறது. பாதிப் பாட்டில் புஷ்பா கேட்டாள். "இன்னாங்க, அந்தம்மாவுக்குக் கையில எதுனா நோவா? கஸ்டப்பட்டு வாசிக்கிறாங்களே."

 உங்கள் கை நல்ல கை. அதில் ஒரு நோவும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக இதே வீட்டில் இதே தோளோடு நான் நடந்துகொண்டிருக்கிறேன். "அவங்களுக்கு இல்ல புஷ்பா, எனக்கு" என்று சொல்லிவிட்டேன். ஜமீலா அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். புஷ்பா அழுதாள், திட்டினாள், என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து அமுக்கி "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டாள். இரண்டு தெரியவில்லை. இப்போது மூன்றாவதும் பாதிதான் தெரிகிறது.

மறுநாள் காலையில் கஜபதி அண்ணனிடம் போனேன். "இன்னா குணா, எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறியா? ஒரு வருசமா நீ உடற எடத்துல எல்லாம் கீபோர்டுதான் நெரப்பிகினு வருது. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். மேடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து என்னிடம் மறைத்திருக்கிறார்கள்.

மலேசியாவிலிருந்து சம்மதம் என்று தந்தி வந்துவிட்டது. எனக்குப் பதில் நாகேந்திரன் போகிறான். சங்கத்துக்காரர்கள் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டேன். "கேசட்டுல டிரம்ஸ் வாசிக்கிற கையே இல்லியே, யாரு போனா இன்னா" என்றார் அண்ணன். உங்கள் மேல் வருத்தமில்லை அக்கா, சத்தியமாக. கேட்டது நான்தான். திரும்பி வருகிற பஸ்ஸில் பூந்தமல்லி வரும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. அசதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மத்தியானம் படுத்தவன் மறுநாள்தான் எழுந்தேன்.

கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு வருஷம் என்கிறார்கள். கை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். புஷ்பா கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போகப்போகிறாள். என் இடம் போய்விட்டது அக்கா. எழுதிப் பார்த்தால்தான் நிஜமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகப்பன் அண்ணனோடு வீட்டுக்கு வாருங்கள். கேசட் எதுவும் வேண்டாம். டிரம்ஸ் செட் முன் அறையில் அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அதில் உட்கார்ந்து வாசியுங்கள். தோள் எழும்பும்போது பிடித்து அமுக்க உங்கள் பின்னால் புஷ்பாவை நிற்க வைக்கிறேன். எப்போது அமுக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். சொல்வதற்குக் கை தேவையில்லை.

உங்கள் தம்பி,
குணசேகரன்