பின்பக்க ரூம் சாவி

நித்யா,

நீ சர்ச்சுல பூசை முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் கடலூர் பஸ் ஏறியிருப்பேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சட்னி நான் அரைச்சது, உப்பு ஜாஸ்தி, திட்டாத. கேஸ்காரர் வந்தா, காலி சிலிண்டர் கதவுக்குப் பின்னாடி இருக்கு.

நம்ம மஞ்சக்குப்பம் வீட்டுல அருள்மொழி குடும்பம் இன்னைக்குப் பால் காய்ச்சிக் குடி வர்றாங்க. அவுங்களுக்குப் பின்பக்க ரூமும் வேணுமாம். அதான் பீரோல உன் புடவைக்கு அடியிலேருந்து அந்த ரூம் சாவியை எடுத்துக்கிட்டேன். தையல் மிஷினையும் மாதா சுரூபத்தையும் பத்திரமா வேன்ல ஏத்திக் கொண்டாந்துடுறேன்.

சிதம்பரம் வந்தப்புறம் வீட்டை வாடகைக்கு விட நீ ஒத்துக்கிட்டதே, அந்த ஒரு ரூமை நமக்குன்னு பூட்டி வச்சுக்கலாம்னு நான் சொன்னதாலதான். மாதா கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனா அடுத்தவங்க வீட்டுல விருந்தாளியா தங்க மாட்டேன்னு அன்னைக்கே சொன்ன. நேத்து ராத்திரி இதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீ அந்த ரூம் கட்டிலுக்குன்னு வாங்கின புது பெட்ஷீட்டை மடிச்சுக்கிட்டு இருந்த. திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

சாயங்காலம் வந்துடுவேன்.
ஆனந்த்

செருப்பு போட்டவன் திரும்பி வந்து எழுதுறேன். அருள்மொழி அந்த ரூமைக் கேக்கவே இல்ல. முன்னாடி ரெண்டு ரூமே போதும்னுதான் சொன்னாரு. வாடகை கூட வருமேன்னு நான்தான் வலியப் போய்ச் சொன்னேன். பழியை அவர் மேல போட்டுட்டேன்.

சாவி இந்தச் சீட்டு மேலயே இருக்கு. அந்த ரூம் இல்லன்னு அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். திருவிழாவுக்கு நாம அங்கதான் தங்குறோம், நீ என்கூடப் பேசாட்டியும்.