உம்முவும் ஒற்றைக்கால் குடையும்

12.09.1954

உம்முவின் வகுப்பு டீச்சர் நபீஸா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தேத்தண்ணி முடியும்வரை ஊர்க்கதை. பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார். என் தங்கைக்கு ஒன்பது வயதாகியும் இரண்டு வரி வாசிக்க வரவில்லையாம். புத்தகத்தை விரித்தாலே வயிற்றுவலி வந்துவிடுகிறதாம்.

அவர் போனபிறகு வாப்பா உம்மாவிடம் சொன்னார்: "வருசக் கடைசிச் சோதினையில தேறாட்டி படிச்சது போதும். மூத்தவள் மாதிரி வீட்டில இரிக்கட்டும்."

மூத்தவள் நான்தான், றாபியா. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். மருதமுனையில் என்ன நடக்கிறதென்று வேலிக் கிடுகின் இடைவெளியால் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். இந்த வீட்டுக்கு இப்படி ஒருத்தி போதும்.

15.09.1954

உம்மு கதை கேட்பாள், சிரிப்பாள், வாசிக்கத்தான் மாட்டாள். வாப்பா விற்கும் கைத்தறிச் சாரங்களைச் சுற்றும் பழுப்புக் கடதாசி மூலையில் கிடக்கிறது. கட்டம் கட்டமாகப் படம் கீறி, ஆட்களின் தலைக்கு மேலே பெட்டி போட்டுப் பேச்சை எழுதினால் என்ன?

21.09.1954

முதல் கதை: எருமைக்குப் பயந்து மாமரத்தில் ஏறிய தொந்தி முதலாளி. உம்மு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"முதலாளி என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"எருமை வருது, காப்பாத்துங்க எண்டு கத்துறார் ராத்தா."

நான் எழுதியிருந்தது: 'என் பொய்ப்பல் கீழே விழுந்துவிட்டது, எருமையே, கொஞ்சம் எடுத்துத் தா.'

கள்ளி! ஒரு எழுத்தையும் பார்க்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தே கதையைக் கட்டிவிட்டாள்.

28.09.1954

இன்னும் மூன்று கதை கீறிவிட்டேன். சிரிப்புக்குக் குறைவில்லை. வாசிப்புத்தான் இல்லை.

06.10.1954

எல்லாம் போச்சு.

உம்முவுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்க வரும் பக்கீர் லெப்பை, பாய்க்குக் கீழே ஒளித்திருந்த முதலாளியைக் கண்டுவிட்டார். "உயிருள்ளதுகளுக்கு உருவம் கீறப்படாது மகள். அதுவும் கண்ணு, மூக்கு எல்லாம் வெச்சி…" குரலைக்கூட உயர்த்தவில்லை. கத்தியிருந்தாலாவது மனதுக்குள் சண்டை பிடித்திருப்பேன். வாப்பா எல்லாவற்றையும் அடுப்பில் போடச் சொன்னார். உம்மா போட்டா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூஞ்சி இல்லாம எப்படிச் சிரிக்கவைக்கிற? என்னால ஏலாது. அவளும் இனி என்னோட வேலிக்குள்ளதான் — எழுதினால் அழுகை வருகிறது.

11.10.1954

நல்ல மழை. லெப்பையின் குடை, ஒரு கம்பி முறிந்து, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி வாசலில் சாய்ந்து நின்றது. மேலே ஆணியில் வாப்பாவின் துருக்கித் தொப்பி. அடுப்படியில் தண்ணி கொதிக்கும் கேத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு உம்முவைக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன்: "குடைக்கு உயிர் இரிக்கா எண்டு லெப்பையிட்டக் கேளு."

"குடைக்கென்ன உயிர்? போ புள்ள, ஓது" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். அனுமதி கிடைத்துவிட்டது!

17.10.1954

குடையும் தொப்பியும் கேத்திலும் அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறிவிட்டார்கள். யாருக்கும் மூஞ்சி இல்லை. கண்டக்டர் வெறும் தோல்பை.

குடை: எனக்கு ஒரு கால்தான். அரை டிக்கெட் போதும்.
தொப்பி: எனக்குக் காலே இல்லை. டிக்கெட்டே வேண்டாம்.
கேத்தில்: எனக்கு வாய் மட்டும்தான்.
தோல்பை: வாய்க்குத்தான் முழு டிக்கெட்!

உம்மு கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யார் கோவிக்கிற ராத்தா? யார் பயப்புடுற? ஒண்டும் விளங்குதில்ல."

"பெட்டிக்குள்ள எழுதி இரிக்கு."

"நீங்க வாசிங்களன்."

"எனக்கு அரிசி புடைக்க இரிக்கு கா."

சுளகோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு அரிசிகூடப் புடைக்கவில்லை. உள்ளே எழுத்துக்கூட்டும் சத்தம். திக்கல், பெருமூச்சு, மறுபடி எழுத்து. கேத்திலுக்கு வந்ததும் மெல்லிய சிரிப்பு. தோல்பைக்கு வந்ததும் வீடே அதிர்ந்தது.

என் தங்கை முதல்முறையாக எழுத்துக்குச் சிரித்தாள். சந்தோசத்தில் சுளகைக் கீழே போட்டுவிட்டேன். மூஞ்சி இருந்தவரை அவளுக்கு எழுத்து தேவைப்படவே இல்லை! லெப்பைக்கு நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் வம்பு.

02.11.1954

மூவரும் கோமாரியில் தோணி ஏறி, குடையைப் பாயாக விரித்துக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்று லெப்பை அந்தக் கடதாசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"இது என்ட குடையெல்லுவா?" முறிந்த கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். "ம்… மூஞ்சி இல்லதான்." பிறகு உம்முவிடம் மெதுவாக: "இதுக்கு அடுத்த பக்கம் எங்க?"

14.11.1954

சோதினை முடியும்வரை கதை இல்லை என்று சொல்லிவிட்டேன். குடை நடுக்கடலில் சுழிக்குள் நிற்கிறது. உம்மு என்னோடு கதைப்பதில்லை. கோபத்தில் பாடப்புத்தகத்தை எடுத்துவைத்து வாசிக்கிறாள். இருக்கட்டும்.

30.11.1954

சோதினை. உம்மா முட்டை பொரித்துக் கொடுத்தா. நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

10.12.1954

தேறிவிட்டாள்! கணக்கில் மட்டுமட்டாக. வாசிப்பைக் கேட்ட நபீஸா டீச்சர், "இது அந்தப் புள்ளதானா?" என்று வீட்டுக்கே வந்து கேட்டார். வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு கல்முனைக்குப் போனார். ஓம் என்பதா, இல்லை என்பதா, இந்த மனிதரின் முகத்தில் எதுவும் தெரியாது.

12.12.1954

வாப்பா பெரிய பொதியோடு வந்தார். உம்முவுக்கு அடுத்த வகுப்புப் புத்தகம். எனக்கு ஒரு கட்டு வெள்ளைக் கடதாசி, ஒரு போத்தல் மை.

"எனக்கென்னத்துக்கு வாப்பா?"

"குடைய நடுக்கடல்ல விட்டுட்டாய். எத்தின நாளைக்கு அது அங்க கிடக்கிற?" என்றார், என்னைப் பார்க்காமலே. வாசித்திருக்கிறார். ஒரு பக்கம் விடாமல் வாசித்திருக்கிறார்! "டீச்சரும் கேட்டா. வகுப்புப் புள்ளையளுக்கும் வேணுமாம்."

கடதாசிக் கட்டைப் பிரித்துத் தாள்களை எண்ணிப் பார்த்தேன்.

"உம்மு, ஒரு குடம் தண்ணி அள்ளிக்கொண்டு வா கா" என்று கூப்பிட்டேன். புதுப் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"இரிங்க ராத்தா, இந்தப் பக்கம் முடியட்டும்."

நானே போய் அள்ளினேன்.