மலை ஏறாத வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களைக் கேட்காமல் எடுத்திருக்கக் கூடாத ஒரு முடிவை எடுத்துவிட்டோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி முடிந்து கை கழுவும் முன்பே, நம் வீட்டில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: அம்மா காரின் முன் சீட்டில் உட்காருவாள். முன்மொழிந்தது உங்கள் மருமகள் செல்வி. வழிமொழிந்தது நான். எதிர்த்தது அம்மா ஒருத்திதான். தீர்மானம் அவளைப் பற்றியது என்பதால் அவளுக்கு வாக்கு இல்லை என்று தள்ளிவிட்டோம்.

அந்தச் சீட்டின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. அதில் கப்பல் கம்பெனி மேலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுங்க அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருமுறை ஏரல் சந்தையில் நீங்கள் வாங்கிய வாழைத்தார் ஒன்று, அடிபட்டுவிடக் கூடாது என்று, அதில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தது. அம்மா பின் சீட்டிலிருந்து கையை நீட்டி அதைச் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் பார்த்தேன். அப்போது எனக்கு அதில் எந்த விசேஷமும் தெரியவில்லை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், நம் பச்சைக் காரில் ஒரு நாள் போய்வந்தோம். நம் கார் என்பது பழக்க தோஷம். உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு கொடைக்கானலிலிருந்து வேலுச்சாமி என்று ஒருவர் வந்து அதை வாங்கிப் போனதை இந்தக் கடிதத்தில்தான் உங்களுக்கு முதல்முறை சொல்கிறேன். கொட்டகையில் நின்று துருப்பிடிப்பதைப் பார்க்க முடியவில்லை. நம் ஊர் உப்புக் காற்று இரும்பைக் கண்டால் விடாது. நாற்பது வருஷம் கப்பலுக்குக் கயிறும் சங்கிலியும் பெயிண்டும் விற்ற உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

வேலுச்சாமி பழைய கார்களில் ஆட்களை ஏற்றி மலை சுற்றிக் காட்டுகிறார். ஒரு குடும்பத்துக்கு ஒரு கார், ஒரு நாள். அடிவாரத்தில் ஏற்றி, காட்சி முனைகளில் நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்து, சாயங்காலம் இறக்கிவிடுவார். செல்வி போனில் எதையோ தேடும்போது அந்தப் படம் வந்தது. பின்னால் மலை, முன்னால் பச்சைக் கார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஏளா, இது நம்ம வண்டில்லா?"

"எப்படி அத்தை சொல்லுதிய? பச்சை வண்டி ஊருல எத்தனையோ இருக்கு."

"பின்னால பம்பர் நெளிஞ்சிருக்கு பாரு. நாசரேத்துல பனையில இடிச்சது. பனைதான் குறுக்க வந்துச்சுன்னு சொன்னாவ உங்க மாமா."

படத்தில் அது மலை மேல் நின்றது. அதுதான் சிக்கல். உங்கள் கார் மலை ஏறாது என்பது நம் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காத உண்மை. கிழக்கே கடல், மேற்கே தாமிரபரணி, நம் கார் மலை ஏறாது: எனக்குப் புவியியல் இந்த வரிசையில்தான் தெரியும். அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"லாரியில ஏத்திட்டுப் போய் மேல இறக்கிருப்பான்."

அன்று இரவு செல்வி கேட்டாள், அத்தைக்கு மலை பார்க்க ஆசை உண்டா என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. மழை விட்ட மறுநாள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போகும்போதெல்லாம் மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும். அம்மா பின் சீட்டில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு வருவாள். "அது மேகமா மலையா?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள். "மலைதான்" என்பீர்கள். ஒவ்வொரு முறையும் அத்தோடு வண்டியைத் திருப்புவீர்கள். இப்போது அவளுக்கு முழங்கால் வலி. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ள முடியாது. எனவே வேலுச்சாமிக்குப் போன் செய்தேன். முன் சீட்டுத் தீர்மானம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன் செய்து வைத்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே கேள்வி. கார் மலை ஏறிவிட்டால் என்ன செய்வது? இத்தனை வருஷம் ஏறாது என்று நம்பி அந்த நீலக் கோட்டைத் தூரத்திலிருந்தே பார்த்தவள், ஏறும் என்று தெரிந்தால் யாரோடு சண்டை போடுவாள்? நீங்களோ படச் சட்டத்துக்குள் மாலையோடு இருக்கிறீர்கள். பதில் சொல்ல மாட்டீர்கள். செத்தவரிடம் கோபித்துக்கொள்வதுபோலக் கஷ்டமான காரியம் வேறில்லை. கோபம் திரும்பி வந்து கோபித்தவளின் மடியிலேயே உட்காரும். மலையைக் காட்டப்போய் அவளுக்கு உங்களை இல்லாமல் ஆக்கிவிடுவேனோ என்று பயந்தேன். கார் நடுவழியில் நின்றால் நல்லது என்றுகூட ஒரு பக்கம் தோன்றியது.

நின்றால் இழுப்பதற்கு வசதியாகக் கடையிலிருந்து கயிறு எடுத்துக்கொண்டேன். சாதாரணக் கயிறு அல்ல. சரக்குக் கப்பலைத் துறையில் கட்டும் கயிறு, கை பருமன். வேறு ஊர்க்காரன் மலைக்குப் போக ஸ்வெட்டர் எடுப்பான்.

அடிவாரத்தில் வேலுச்சாமி தொப்பியும் கோட்டும் போட்டு நின்றார். நம் கார் அப்பா! துருவெல்லாம் போய், பச்சை அப்படியே இலைபோல இருந்தது. பம்பர் நெளிவை மட்டும் சரி செய்யாமல் வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் அதைத்தான் அதிகம் படம் எடுக்கிறார்களாம். நான் டிக்கியைத் திறந்து கயிற்றை வைப்பதைப் பார்த்து அவர் பக்கத்தில் வந்தார்.

"சார், இது எதுக்கு? மேல ஏரியில கப்பல் ஏதும் வந்திருக்கா?"

"வண்டி ஏறலன்னா இழுக்கணும்லா."

"எதை வச்சு சார் இழுப்பீங்க?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. டிக்கியும் மூடவில்லை. கயிற்றை எடுத்துப் பின் சீட்டில் என் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா நாலு எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்திருந்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். வேலுச்சாமி காலையிலேயே வைத்து ஏற்றிவிட்டதாகச் சொன்னார். "அது உங்களுக்கு. இது எங்களுக்கு" என்றாள். பிறகு முன் சீட்டின் கதவைத் திறந்து நின்றாள். சேலையைச் சரிசெய்தாள். சீட்டை ஒருமுறை கையால் தட்டினாள். ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்து எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டது.

கார் ஏறியது, அப்பா.

இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியவில்லை. முக்கவில்லை, முனகவில்லை, கொதிக்கவில்லை. நம் மார்க்கெட் தெருவில் மாடுகளுக்கு நடுவே போனதைவிட ஒழுங்காகப் போனது. ஒவ்வொரு வளைவிலும் அம்மா என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் பின்னந்தலையையே பார்க்க முயன்றேன். ஆனால் அதற்குள் வலது பக்கம் சாலை முடிந்து வெறும் காற்று ஆரம்பித்துவிட்டது. கீழே வத்தலக்குண்டு பக்கத்துத் தென்னந்தோப்புகள் கொத்தமல்லிக் கட்டுபோல் தெரிந்தன. அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை.

முதல் காட்சி முனையில் நிறுத்தினார். அம்மாவும் செல்வியும் இறங்கிக் கம்பிவேலி ஓரம் போனார்கள். எதிரே மலைக்கு மேல் மலை, அதற்கு மேல் மேகம். செல்வி சொன்னாள், அம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாளாம். பிறகு பேசியது எனக்கே கேட்டது.

"ஏளா, மழைக்கு முன்னால உப்பளத்துல அம்பாரத்த ஓலை போட்டு மூடுவாவல்லா, அப்பிடி மூடி வச்சிருக்கு பாரு."

நம் ஊர்க்காரி. மலையைப் பார்த்தாலும் உப்புக் குவியல்தான் ஞாபகம் வரும். வேலுச்சாமி பெருமையோடு, "இந்த வண்டிக்கு மலைன்னா உயிரும்மா. ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல" என்றார். இதோ வந்தது என்று நினைத்தேன். அம்மா திரும்பிக் காரைப் பார்த்தாள்.

"ஏளா, அவன் எங்க?"

"வண்டிக்குள்ள இருக்காவ அத்தை."

அவள் வந்து ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "ஏலே, மலை பாக்கணும்னு என்னக் கூட்டியாந்துட்டு நீ உள்ள உக்காந்து என்ன பண்ணுத?"

"கால் மரத்துப் போச்சும்மா."

அவள் என் காலைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். கப்பல் கட்டும் கயிறு என் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. எப்போதிலிருந்து பிடித்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. கண்ணும் மூடியிருந்ததாம். அவள் கதவைத் திறந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பா மாதிரியே பிடிச்சிருக்க" என்றாள்.

நான் கண்ணைத் திறந்தேன்.

"வண்டி வாங்குன புதுசுல மணப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போனாவ. அங்கன லைட் ஹவுஸ் இருக்குல்லா, ஏறிப் பாப்போம்னு அவியளே சொல்லிட்டு, பாதிப் படியில அப்பிடியே உக்காந்துட்டாவ. மேலயும் வரல, கீழயும் வரல. கண்ண இறுக்க மூடிக்கிட்டு கம்பியப் பிடிச்சிருக்காவ. நாந்தான் கையப் பிடிச்சு படி படியா இறக்கிக் கூட்டியாந்தேன். கீழ வந்ததும், காத்து பலமா இருக்குன்னாவ."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, காத்துதான்னேன்."

செல்வி அந்தப் பக்கம் திரும்பி மலையைக் கவனமாகப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் உங்க பெரியத்தை வீட்டுக்காரங்க வந்து, எல்லாரும் நம்ம வண்டியில கொடைக்கானல் போவோம்னு ஒத்தக் கால்ல நிக்காவ. உங்கப்பாவுக்கு வாயில வெத்தல. மெல்லுதத நிறுத்திட்டாவ. நான் அடுக்களையில இருந்து சத்தமாச் சொன்னேன், எங்க வண்டி மலை ஏறாதுன்னு. அதுக்குப் பிறகு அவிய அதப் பிடிச்சுக்கிட்டாவ. கடைசி வரைக்கும் விடலியே மனுஷன்!"

அப்பா, எனக்கு ஒரு சந்தேகம். அவளுக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியுமா? அடுக்களையிலிருந்து அந்தக் குரல் வந்தபோது என்ன நினைத்தீர்கள்? ஒரு நாளாவது அவளிடம் அதைப் பேசினீர்களா, அல்லது இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காரின் மேலேயே பழியைப் போட்டு நிம்மதியாக வாழ்ந்துவிட்டீர்களா?

சாயங்காலம் மலை இறங்கும்போது கண்ணை மூடியபடியே நிறைய சிந்தித்தேன். உங்கள் கொள்கைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. கடைக்காரன் கப்பலில் ஏறினால் மரியாதை போய்விடும், வேண்டுமானால் கேப்டன் இறங்கி வரட்டும் என்பீர்கள். நாங்கள் அதைத் தன்மானம் என்று நினைத்தோம். மேம்பாலம் கட்டிய பிறகும் சுற்றுவழியிலேயே போனீர்கள். பழைய பாதையை மறக்கக்கூடாது என்றீர்கள். மாதா கோயில் திருவிழாப் பொருட்காட்சியில் ராட்டினம் வீண் ஆடம்பரம் என்று எனக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினீர்கள். வீட்டுக்கு மாடி கட்டினால் குடும்பம் பிரிந்துவிடும் என்றீர்கள். இதையெல்லாம் நான் கடையில் வருகிறவர்களிடம் உங்கள் வாழ்க்கை நெறி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாற்றிச் சொல்லும் எண்ணம் இல்லை. மனிதர்களுடைய பெரிய கொள்கைகள் பலவற்றுக்கும் அடியில் ஏற முடியாத ஒரு ஏணி இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

"மலை பாக்காமப் போயிருச்சேன்னு இத்தனை வருஷம் இல்லியா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"இருந்துச்சு. ஏன் இல்லாம? அதுக்காக அவியளப் போட்டு இழுக்க முடியுமா? மலை அங்கனேதான இருக்கு. இப்ப வந்துட்டேம்லா."

நான் பயந்தது நடக்கவில்லை. அவள் கோபமாக இல்லை. மேலே ரொட்டியும் ஆம்லெட்டும் சாப்பிட்டாள். பேரிக்காய் வாங்கினாள். நாம் எங்கே போனாலும் கொண்டுபோகிற முந்திரி மக்ரூன் பொட்டலத்தை வேலுச்சாமியிடம் கொடுத்தாள். ஏரியைப் பார்த்து, "இவ்வளவு நல்ல தண்ணிய இங்க வச்சுக்கிட்டு நமக்கு மட்டும் உப்புத் தண்ணியக் குடுத்திருக்கான்" என்று கடவுளை ஒருமுறை திட்டினாள். இறங்கும்போதும் முன் சீட்டில்தான். கயிற்றை வேலுச்சாமியிடமே விட்டுவந்தோம். காட்சி முனையில் வேலி உடைந்த இடத்தில் குறுக்கே கட்டியிருக்கிறாராம்.

ஊர்ச் செய்தி பெரிதாக இல்லை. கடை ஓடுகிறது. கேப்டன்கள் இறங்கி வருகிறார்கள். பேரிக்காயைத் தெருவுக்கே கொடுத்தாயிற்று.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று அம்மாவைக் கேட்டேன். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அனுப்பு. ஆனா அவிய பேரப் போடாத. உன் பேரையும் போடாத, கண்டுபிடிச்சிருவாவ" என்றாள். எனவே போடவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும்வரை நம் வீட்டுக்கு மாடி எழும்பாது.

தை மாதம் அம்மாவும் செல்வியும் மறுபடி மலைக்குப் போகிறார்கள். நான் ஏன் போகவில்லை என்று சித்தப்பா கேட்டதற்கு, கடையை விட்டு என்னால் ஒரு நாள்கூட நகர முடியாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

உங்கள் மகன்