முப்பத்தேழு டிகிரியில் என் மதினி

என் பிரியமான ராசாத்தி மதினிக்கு,

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. போன திங்கட்கிழமை உங்கள் ரத்தத்தைச் சோதித்தேன். மற்றவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். என் கூடவே ஆறு வருஷம் இந்த லேபில் வேலை பார்த்த உங்களுக்குப் புரியும்.

ஃப்ரீசரில் பனியைச் சுரண்டும்போது, பின்னால் ஒட்டிக் கிடந்தது அந்த டப்பா. உள்ளே நாலு சின்னக் குழாய்கள். எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்தில் 'ராசாத்தி, திங்கள்' என்று எழுதி, கீழே தேதி. மெசினைச் சரிபார்க்கும் கண்ட்ரோல் சீரம் மதுரையிலிருந்து வராமல் இழுத்தடித்ததே, அப்போது எடுத்தவை. நோய்நொடி இல்லாத ஆள் நீங்கள்தான் என்று நாமே முடிவுகட்டினோம். திங்கள்தோறும் நீங்கள் கையை நீட்ட, நான் ரத்தம் எடுப்பேன். வாரம் முழுக்க அதிலிருந்து பிரித்த உங்கள் சீரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுடையதை வைப்போம்.

ஈரல் நொந்தால் அதிலுள்ள என்சைம் ரத்தத்தில் கசியும். அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதைத்தான் மெசின் எண்ணாகச் சொல்லும். எஸ்.ஜி.ஓ.டி. என்கிற அந்த எண் நாற்பதுக்குள் இருந்தால் பயமில்லை. இரண்டாவது திங்கள் உங்களுக்கு ஐம்பதைத் தாண்டியது, ஞாபகம் இருக்கிறதா?

"ஏத்தா சுகந்தி, மெசினுக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு. நேத்து மூணு தட்டுச் சோறு தின்னவ நான். எனக்கென்ன கேடு?"

நானும் சிரித்தேன். எல்லாருடைய அளவையும் பெருக்குவதற்கென்று மெசினில் ஒரு எண் உண்டே, அதைக் குறைத்தேன். நீங்கள் மறுபடி முப்பதுக்கு வந்துவிட்டீர்கள். அடுத்த இரண்டு வாரமும் ஏறியது, இரண்டு வாரமும் குறைத்தேன். மெசினில் லேம்ப் பழசு, சோதனை மருந்து புதுசு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

அந்த நாட்களில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எட்டு, ஒன்பது என்றே வந்தது. "கம்பத்துக்காரவுகளுக்கு ஈரலு இரும்புடி" என்றீர்கள். ஊரே ஒட்டுமொத்தமாக அவ்வளவு நன்றாக இருக்க முடியுமா என்று நம் இரண்டு பேருக்கும் ஏன் தோன்றவில்லை?

பிறகு உங்கள் கண் மஞ்சளானது. மூன்றே வாரம். என்ன காரணமென்று மதுரையில் கண்டுபிடிக்கும் முன்னே முடிந்துவிட்டது. இங்கே சர்வீஸ் ஆள் வந்து மெசினில் பழைய எண்ணைப் போட்டுவிட்டுப் போனார். நான் எதையும் சேர்த்து யோசிக்கவில்லை.

போன திங்கள் காலை பத்து மணி. வெளியே எஸ்டேட் ஜீப்புக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம். முதல் குழாயை உள்ளங்கையில் மூடி உருக்கினேன். இப்போது வந்துவிட்ட நல்ல கண்ட்ரோல் சீரத்தை ஓட்டி, மெசின் சரி என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, உங்களை வைத்தேன். மெசின் முப்பத்தேழு டிகிரிக்குச் சூடேற்றியது. உயிருள்ள உடம்பின் சூடு அது. சூடு ஏறியதும், என்சைம் வேலை செய்வதைக் காட்டும் கோடு திரையில் இறங்கத் தொடங்கியது. மண்ணுக்குள் இருக்கிற நீங்கள் என் முன்னால் வேலை செய்துகொண்டிருந்தீர்கள். காலி நாற்காலியைப் பார்த்து "பஞ்ச அமுக்கிப் பிடிங்க மதினி" என்று சொல்லிவிட்டேன்.

முதல் குழாய் முப்பத்தொன்று. இரண்டாவது ஐம்பத்தெட்டு. மூன்றாவது தொண்ணூற்றேழு. நாலாவது நூற்று நாற்பது. நீங்கள் செத்த பிறகு உங்கள் நோய் என் கண்முன்னால் முதலிலிருந்து வளர்ந்தது. மெசின் அன்றைக்கும் பொய் சொல்லவில்லை, மதினி. நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

அந்த வாரங்களில் வந்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் பார்த்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நிறையப் பேருக்கு ஒன்றுமில்லை. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவருக்கு அன்று இருபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போது நூற்றறுபது. "நல்லாருக்குன்னுதானம்மா சொன்னீக?" என்று கேட்டார். நான் செய்த தப்பைச் சொல்லி, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே போனதாகப் போன் செய்தார்.

அண்ணனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஜீப்பைப் போட்டுவிட்டுத் தினமும் லேபுக்கு வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்கிறார். கேட்பது ஒரே கேள்விதான். "டாக்டரு திடீர்னு வந்ததுன்னுதானத்தா சொன்னாக? முன்னக்கூட்டியே யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?" நான் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்.

முன்னமே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? தெரியாது. அதைச் சொல்ல எந்த மெசினும் இல்லை.

இன்று அவர் வந்து உட்கார்ந்ததும் நாலு ரிப்போர்ட்டையும் வரிசையாக அவர் முன் வைப்பேன். அவர் அடிக்கட்டும், இனி என் முகத்திலேயே விழிக்காமல் போகட்டும். நூற்று நாற்பதை நூற்று நாற்பது என்றே வாய்விட்டுச் சொல்வேன். இனி ஒருக்காலும் உங்களைக் குறைத்துக் காட்ட மாட்டேன், மதினி.

திங்கள்தோறும் உங்கள் கையில் ஊசி குத்திய நாத்தனா,
சுகந்தி