அண்ணையின் கசெற்

8 ஜூன் 1985, சனி

எங்களுக்குள் நடந்த காணி வழக்குக்குப் பிறகு அண்ணை இன்றுதான் என் கடைக்குள் வந்தார். அண்ணி திருத்தத் தந்த ரேப் ரெக்கோடரைப் போட்டுக் கேட்டார். ஜெர்மனியிலிருந்து அவர்களின் மகன் பேசி அனுப்பிய கசெற் உள்ளேயே இருந்திருக்கிறது. பதிவாகிறதா என்று பார்க்க நான் அதிலேயே பேசியிருந்தேன். "அம்மா, நான் சுகமாயிருக்கிறன்" என்றவனை வெட்டி, என் குரல் ஐம்பது வரை எண்ணியது.

"கோவத்தை என்னோடை வைச்சிருக்கலாமேடா. அவள் இன்னும் முழுக்கக் கேக்கேல்லை."

தெரியாமல் நடந்தது என்று சொல்லியிருக்கலாம். "கசெற்றை உள்ளுக்கு விட்டு ஆர் குடுக்கச் சொன்னது?" என்றேன்.

கசெற்றைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு, ரெக்கோடரோடு போய்விட்டார். பிறகு மிச்சத்தைப் போட்டுக் கேட்டேன். கடைசியில் பெடியன் சொல்கிறான்: "அப்பா, சித்தப்பாவோடை கதையுங்கோ."

நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாசலில் நின்று என்னத்தைச் சொல்வது?