றைஸா வீட்டு ஹீட் பம்ப்

ஆலங்குடா
2014 ஓகஸ்ட்

அன்பு மகன் இன்ஷாபுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கச்சி றைஸாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சொல் கேட்பதில்லை. நோர்வேயில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் வாய் திறக்க முதல் நீ உன் கதையை முடித்து, வேலைக்கு நேரமாகிறது உம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குள் நீ குறுக்கே கதைக்க முடியாது. ஆறுதலாக இருந்து கடைசிவரை வாசி.

மகன், எனக்குச் சரியான கோபம். றைஸாவின் புது வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது, கதவு ஜன்னல் பூட்டியாகிவிட்டது. சுவர் பூசித் தரை போட வேண்டியதுதான் பாக்கி. மேசன் மனுவேல் வந்து வந்து போகிறார். எந்த ஹீட் பம்ப் என்று நீ சொன்னால்தான் குழாய் எந்தச் சுவரால் போகும் என்று தெரியும், தெரியாமல் பூசினால் பிறகு உடைக்க வேண்டும் என்கிறார், அவர் சொல்வதும் நியாயம்தானே. நோன்புக்கு முதல் வெளியே ஒரு பெரிய மெஷின், எல்லா அறைக்கும் அதிலிருந்து குழாய் என்றாய். அதற்காக மனுவேல் சுவரைத் துளைத்தார். பெருநாள் முடிந்ததும் அது வேண்டாம், அறைக்கு ஒன்று பூட்டுவோம் என்றாய். அதற்கும் துளைத்தார். போன கிழமை திரும்பவும் பெரியதுதான் நல்லது, சுடுதண்ணித் தாங்கியும் சேர்த்து வைப்போம் என்று படம் அனுப்பியிருக்கிறாய். இப்போது அணில்கள் ஒரு ஓட்டையால் வந்து மற்ற ஓட்டையால் போகின்றன. மனுவேலுக்கு அது பகிடி, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே ஆட்களின் வீடுகளுக்கு இதைப் பூட்டிக் கொடுப்பதுதான் உன் தொழில், உனக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணியைச் சுடவைக்கும், அறையைக் குளிரவும் வைக்கும், கரண்ட் குறைவாகத்தான் எடுக்கும் என்று நீ சொன்னதெல்லாம் விளங்கியது. ஆனால் நீ பனிக்குள் இருந்துகொண்டு ஆலங்குடாவுக்கு மெஷின் தேடுகிறாய். மத்தியானத்தில் எங்கள் தாங்கித் தண்ணியில் கை வைக்க முடியாது, அப்படிச் சூடு, இதில் யாருக்கு மகன் சுடுதண்ணி? கிணற்றுத் தண்ணியும் உனக்கு மறந்துபோய்விட்டதா? கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிந்ததைச் சுரண்டிச் சுரண்டி என் நகம் தேய்ந்துவிட்டது, அது உன் தாங்கிக்குள்ளும் படியாதா? பெரிய மெஷின் பழுதானால் வீடு முழுக்க நின்றுவிடும், திருத்த ஆள் கொழும்பில் இருந்து வர வேண்டும், புத்தளத்துக் கடைக்காரரிடம் கேட்டேன், ஓம் அப்படித்தான் என்றார். இங்கே ஒரு ஹொட்டலில் வெளிப்பெட்டியைக் கடல் பக்கமாகப் பூட்டி, சோளகக் காற்று உப்பைக் கொண்டுவந்து அடித்து, அது கறள் பிடித்து உதிர்கிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆகவே படுக்கிற அறைக்கு மட்டும் சின்னதாக ஒரு இன்வேட்டர் ஏசி போதும். அதன் பெட்டி பின்சுவரில், கடற்காற்றுப் படாத பக்கம் இருக்கட்டும். மற்ற அறைகளுக்கு ஜன்னல் இருக்கிறது, காற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. நேற்று மனுவேலைக் கூப்பிட்டு மற்ற ஓட்டைகளை அடைப்பித்துவிட்டேன். கோபிப்பதென்றால் கோபித்துக்கொள்.

இனித்தான் உன்னிடம் கேட்க வந்தது. வாப்பா மௌத்தான பிறகு றைஸாவை நிக்காஹ் செய்து கொடுக்கிற வலீ நீதான். நீ வருகிறாயா, வர முடியாவிட்டால் உனக்குப் பதிலாக நின்று கொடுக்க வாப்பாவின் தம்பி, உன் சாச்சாவுக்கு வக்காலத்துக் கொடுக்கிறாயா என்று எத்தனை தரம் கேட்டுவிட்டேன். கேட்கிற நேரமெல்லாம் நீ ஹீட் பம்ப் கதையைத் தொடங்குகிறாய். மாப்பிள்ளை அஸ்ஜத்தின் உம்மா முந்தல் ஊரில் இருந்து போன கிழமையும் வந்தார். வீடு முடிந்த பிறகுதான் நிக்காஹ் என்று பேசியிருந்தோமே, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு செவரு பூசுறதுக்கா இவ்வளவு நாள், புள்ளயக் குடுக்க ஒங்களுக்கு மனமில்லாட்டி சொல்லுங்க என்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நிக்காஹ் நடக்காவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். நல்ல பையன், கை நழுவிப் போனால் றைஸா உடைந்துபோவாள்.

நேற்று ஓட்டைகளை அடைத்ததற்கு என்னைத் திட்டியதும் அவள்தான். திட்டிவிட்டு அழுதாள். இன்ஷாப் நானாக்கு அங்க இருக்கிற விசா பேப்பர் சரிவரல்ல உம்மா, இங்க வந்தா திரும்பிப் போக ஏலா, வாப்பாட இடத்தில நிண்டு என்னயக் குடுக்க வர ஏலாதெண்டு சொல்ல அவருக்கு வாய் வருதில்ல, அதான் வீடு முடியாமக் கெடக்கட்டுமெண்டு இழுத்துக்கிட்டு இருக்கிறார் என்றாள். அதைக் கேட்டு என் கோபம் தணியவில்லை, கூடத்தான் செய்தது. பேப்பர் கிடைக்காதது உன் குற்றமா? அதைப் பெற்ற உம்மாவுக்குச் சொல்ல இத்தனை மெஷின் தேவையா? அங்கே தனியாக இருந்து இதை எத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்தாயோ, நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அல்லாஹ் உனக்கு உடல் நலத்தையும் மன அமைதியையும் தந்து, உன் காரியத்தையும் இலேசாக்கி வைப்பானாக. குளிருக்குள் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து சாச்சா நம் வீட்டில் போனடியில் இருப்பார், அவரிடம் வக்காலத்தைச் சொல்லு, சின்னச் சொல்தான். நீ வக்காலத்துக் கொடுத்தாலும் வலீ நீதான் மகன். சபையில் இன்ஷாபின் பெயரைச் சொல்லித்தான் சாச்சா றைஸாவைக் கொடுப்பார், அது எல்லோர் காதிலும் விழும்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபமாக இருக்கிற உம்மா,
ஹாஜரா